ரெண்டு மணி நேரம் தள்ளி

இன்னும் வரவில்லை. கஸ்தூரி போனை மடியில் குப்புறக் கவிழ்த்தாள், கவிழ்த்த கையோடு திருப்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை, மறுபடி கவிழ்த்தாள். அப்படி என்ன அவசரம், ஆறு மணி இப்போதுதானே ஆனது, அலாரம் அடித்து, பிள்ளை அதை அணைத்து, புரண்டு படுத்து, இன்னும் ரெண்டே நிமிஷம் என்று தனக்குத்தானே கெஞ்சிக்கொண்டு, அப்புறம்தானே எழுந்து உட்காரும், கொட்டாவி விடும், போனைத் தேடும், "எந்திரிச்சிட்டேன் ம்மா" என்று ஒரு வார்த்தை பேசி அனுப்பும். பேசித்தான் அனுப்ப வேண்டும், எழுத்தில் தட்டி அனுப்பக் கூடாது என்பது கஸ்தூரி போட்ட கண்டிஷன். எழுத்தை யார் வேண்டுமானாலும் அரைத் தூக்கத்தில் தட்டிவிடலாம், குரல் அப்படியில்லை, குரலைக் கேட்டால் பெற்றவளுக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் ஏசி வழக்கம்போல எலும்புவரைக்கும் இறங்கியது. சுங்கைப்பட்டாணி விளக்குகள் பின்னால் போய்விட்டன, ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான், இருட்டுதான், எதிரே வருகிற லாரி வெளிச்சம் மட்டும் சீட்டு சீட்டாகத் தாண்டிப் போகிறது. பக்கத்தில் தனம் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். கொடுத்து வைத்தவள், எங்கே உட்கார்ந்தாலும் இவளுக்குத் தூக்கம் வந்துவிடும். கஸ்தூரி அவள் தலையை மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், அதையாவது யோசிப்போம். என்ன பேசுவது என்று சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. குட் மார்னிங் சார். நான் மைக்ரோஸ்கோப் செக்‌ஷன், சிப்பில் கீறல் பார்க்கிற வேலை, காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. எனக்கு அதை ஒன்பது மணியாக்கித் தர வேண்டும் சார், சாயந்திரம் ரெண்டு மணி நேரம் கூட இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். வேலை குறையாது, சம்பளமும் கூட வேண்டாம், ரெண்டு மணி நேரம் தள்ளி, அவ்வளவுதான் சார். அவ்வளவுதான் என்று சொல்லும்போது சிரிக்க வேண்டுமா வேண்டாமா? சிரித்தால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும், சிரிக்காவிட்டால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். சட்டத்தில் இருக்கிறது சார் என்று சொல்லலாமா? இருக்கத்தான் செய்கிறது. கான்டீன் சுவரில் சாப்பாட்டு விலைக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், நாசி லெமாக் என்ன விலை என்று பார்த்தவர்கள்தான் எல்லாரும், கஸ்தூரி ஒருத்திதான் பக்கத்தில் இருந்ததைப் படித்தாள். வேலை நேரத்தை மாற்றித் தரச்சொல்லித் தொழிலாளி எழுத்தில் கேட்கலாம், கம்பெனி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும். மறுபடி மறுபடி படித்தாள். எப்படிப் படித்தாலும் கேட்பதற்குத்தான் உரிமை, கிடைப்பதற்கு என்று ஒன்றும் போடவில்லை. அட, வாய் திறந்து கேட்கவாவது ஒரு வழி வந்ததே என்றுதான் எழுதிக் கொடுத்தாள். காரணம் என்கிற இடத்தில் வந்து பேனா நின்றுவிட்டது. கடைசியில் குடும்ப விஷயம் என்று எழுதினாள்.

குடும்ப விஷயமாம். என்ன ஒரு பதில்! குடும்பம் இருக்கிற எல்லாருக்கும்தான் குடும்ப விஷயம் இருக்கிறது. இந்தப் பஸ்ஸில் தூங்குகிற ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒரு குடும்ப விஷயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காரணத்துக்குப் பெயர் உண்டு, துர்காஷினி, பதிமூன்று வயசு, இப்போதே அம்மாவைவிட ஒரு சாண் உயரம், பேட்மின்டன் ஆடினால் தாமான் குடியிருப்பில் ஒருத்தன் எதிரே நிற்க முடியாது. அந்தக் கையிலிருந்துதான் முதலில் கோப்பை விழுந்தது. காலையில் மைலோ குடிக்கும்போது கை ஒரு வெட்டு வெட்டும், கோப்பை எகிறிப்போய்ச் சுவரில் அடிக்கும். "கையில எண்ணெயா தடவியிருக்கே?" என்று கஸ்தூரி கத்துவாள், பிள்ளை தன் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். ரெண்டு கோப்பை, மூன்று கோப்பை, அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் கோப்பையோடு பிள்ளையும் விழுந்தது. ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில். ஐயோ, அந்தச் சத்தம்! தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தம் மனுஷச் சத்தமே இல்லை, தன் வயிற்றில் பிறந்ததா இப்படிக் கத்துகிறது என்று கஸ்தூரிக்கு ஒரு நொடி புரியவே இல்லை. அன்றைக்குப் புருஷன் ஜெயசீலன் வீட்டில் இருந்தான். ஓடிவந்து சாவிக்கொத்தைப் பிள்ளை கைக்குள் திணித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான், இரும்பு இரும்பு என்று அலறினான், லாரி ஓட்டி மலேசியா முழுக்கச் சுற்றுகிற ஆம்பளை. சாவி குத்தின தடம் பிள்ளையின் உள்ளங்கையில் ரொம்ப நாள் இருந்தது.

இன்னும் வரவில்லை. போன் தூங்குகிறதோ? சிக்னல் இல்லையோ? செம்பனைக்குள் சில இடங்களில் சிக்னல் போய்விடும், வந்ததும் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். இல்லை, கோடு கோடாக சிக்னல் இருக்கிறது. தங்கச்சி அனுப்பின சாமி படம் வந்திருக்கிறது, காலை வணக்கம் என்று ரோஜாப்பூ வந்திருக்கிறது, அது மட்டும் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மலாய் டாக்டரம்மா எவ்வளவு பொறுமையாகச் சொன்னார். பயப்படாதீங்க, இந்த வயசில் வருகிறதுதான், மருந்து இருக்கு, தவறாமல் கொடுங்க, நல்லாத் தூங்கட்டும், தூக்கம்தான் இதுக்கு முக்கால்வாசி மருந்து. வந்தால் பெரும்பாலும் தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் வரும், அந்த நேரத்தில் மட்டும் யாராவது கூட இருங்க. பக்கத்தில் இருந்தால் ஒன்றுமில்லை, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலையில் அடிபடாமல் பார்க்க வேண்டும், அடங்கும்வரை கூட இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மட்டும்! அந்த நேரத்தில்தான் கஸ்தூரி இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள், தினமும், இதே சீட்டில். இருபத்து நாலு மணி நேரத்தில் வேறு எந்த நேரத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாளே!

என்னவெல்லாம் செய்து பார்த்தாள். கிளம்புவதற்கு முன்பே பிள்ளையை எழுப்பிவிட்டுக் கூடவே இருந்து பார்த்தாள், இருட்டோடு இருட்டாக, பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு பல் துலக்கும். அந்த வாரம்தான் ரெண்டு தடவை வந்தது. தூக்கத்தைத் திருடாதீங்கம்மா என்றார் டாக்டர். சரி, காலை ஷிப்டே வேண்டாம் என்று தனத்தோடு மாற்றிக்கொண்டாள். தனம் அப்போது மதிய ஷிப்டில் இருந்தாள், எனக்கு எந்த நேரமா இருந்தா என்னடி, தூங்க ஒரு மூலை கிடைச்சாப் போதும் என்பாள், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. குணாளன் அண்ணன், சூப்பர்வைசர், அதோ டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான், ஷிப்ட் அட்டையில் பேரைச் சத்தமில்லாமல் மாற்றிப் போட்டுவிடுவார். கம்பெனியில் எல்லாம் அப்படித்தான் நடக்கும், வாய் வார்த்தையில், அண்ணே ஒரு உதவி, தங்காச்சி நீ கவலைப்படாதே. ஆனால் மதிய ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர நடுராத்திரி ஆகும், பிள்ளை முழித்துக்கொண்டே கிடக்கும், அம்மா வராமல் தூக்கம் வரவில்லை என்று. அங்கேயும் தூக்கம்தான் போனது. புது வருஷத்தில் தனத்தையும் காலை ஷிப்டுக்குத் தூக்கிப் போட்டார்கள், அந்தக் கதவும் மூடிக்கொண்டது. இத்தனையிலும் கஸ்தூரி ஒரு நாள் லேட் இல்லை, ஒரு நாள் எம்.சி. என்று மருத்துவ லீவு இல்லை. வருஷக் கடைசியில் முழு வருகைக்கு என்று மேடையில் கூப்பிட்டு ஒரு ரைஸ் குக்கரைக் கையில் கொடுத்தார்கள், சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புதான் இப்போது காலை வாருகிறது. எச்.ஆரிலிருந்து யாமினி நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். அக்கா, உங்க ரெக்கார்டு ரொம்ப சுத்தமா இருக்கு, அதனாலதான் மேனேஜர் கேக்கறார், காலை ஷிப்ட்ல இவங்களுக்கு என்ன கஷ்டம்னு. ஒரு தடவைகூட லேட் இல்லையே. காரணத்தை நேர்ல கொஞ்சம் தெளிவாச் சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும். பார், கஷ்டத்தை மூடி மூடி வைத்ததற்குக் கிடைத்த பரிசு. நாலு நாள் லேட்டாகப் போயிருந்தால், ரெண்டு நாள் மட்டம் போட்டிருந்தால், ஐயோ பாவம் இவளுக்கு ஏதோ கஷ்டம் என்று காகிதமே பேசியிருக்கும். ஒழுங்காக இருந்தது தப்பாகப் போயிற்று. தெளிவாச் சொல்லு என்கிறாள் யாமினி, யாரிடம் சொல்ல? யாமினியிடமா? அவள் யார், மூலை வீட்டுக் கோமளா அக்காவின் மகள். கோமளா அக்கா கோயில் மாதர் குழுவுக்குத் தலைவி, அவர் காதில் ஒன்று விழுந்தால் வெள்ளிக்கிழமை பூஜை முடிவதற்குள் சுண்டலோடு சேர்ந்து அதுவும் விநியோகமாகிவிடும். கெட்டவரில்லை, வாய்தான். ஜெயசீலன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறை. "தலைவலின்னு சொல்லு, காய்ச்சல்னு சொல்லு, அந்த வார்த்தையை மட்டும் வெளிய விடாதே கஸ்தூரி. பொம்பளப் பிள்ளை. நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" நாளைக்கு எவனோ வந்து கட்டுவதற்கு இன்றைக்குப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டாமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ஏனென்றால் அவளுக்கும் அதே பயம்தான். ஸ்கூலில் கூட வகுப்பு டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியும். பிள்ளையைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், அதுதான் பயம், பேட்மின்டன் ராக்கெட்டைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, நீ உட்காரும்மா என்று சொல்லிவிடுவார்கள்.

பஸ் திக்காம் பத்து ஸ்டாப்பில் நின்றது. ரெண்டு பேர் ஏறினார்கள், ஈரத் தலையோடு ஒருத்தி, கையில் பன் வைத்துக் கடித்துக்கொண்டே ஒருத்தன். கதவு மூடுகிற சத்தத்தில் தனம் அரைக் கண் விழித்து, "வந்தாச்சா?" என்றாள். "இல்ல, தூங்கு." எவ்வளவு நேரமாயிற்று? பார்க்காதே. பார்த்தாள். ஆறேகால் தாண்டிவிட்டது. ஒரு நாள் இப்படித்தான் ஆயிற்று, போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தது, கஸ்தூரி கம்பெனி வாசலில் நின்றுகொண்டு கிட்டத்தட்ட செத்தே போனாள், கடைசியில் பிள்ளை ஸ்கூல் வேன்காரர் போனிலிருந்து கூப்பிட்டது. அப்படித்தான் இருக்கும். சார்ஜ் போட மறந்திருக்கும். இல்லையே, ராத்திரி நானேதானே வயரைச் சொருகினேன், சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்தேனே. சரி, குளியலறையில் இருக்கும். எழுந்ததும் பேசாமல் குளிக்கப் போகக் கூடாது, கதவைத் தாழ் போடக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது, கண்ணாடிக் கோப்பை எடுக்கக் கூடாது, எத்தனை கூடாது, பிள்ளைக்கும் சலித்துப்போயிருக்கும். "எல்லாத்துக்கும் கூடாதுன்னா நான் மூச்சு விடலாமா ம்மா?" என்று போன வாரம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி. எடு தாயே, எடுடி என் தங்கமே, திட்டமாட்டேன், எடு. குளியலறைத் தரை சிமெண்ட். நான் அந்தத் தரைக்கு ரப்பர் பாய் வாங்கிப் போட வேண்டும் என்று எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், தீபாவளிக்குத் திரைச்சீலை மாற்றத் தெரிந்தது, ரப்பர் பாய் வாங்கத் தெரியவில்லை. பைப்பு மூக்கு துருத்திக்கொண்டிருக்கும், அதன் உயரம் சரியாகப் பிள்ளையின் நெற்றி உயரம். வேண்டாம், அதை நினைக்காதே. முருகா, நினைக்கவிடாதே. மீட்டிங்கை நினை. குட் மார்னிங் சார், நான் மைக்ரோஸ்கோப் செக்‌ஷன். மைக்ரோஸ்கோப்பில் ஒரு மயிரிழைக் கீறலை விடமாட்டாள் கஸ்தூரி, இதற்கென்று பெயர் வாங்கியவள், அங்கே உட்கார்ந்து எவனோ ஒருத்தன் போனுக்குள் போகப்போகிற சிப்பைக் கண் எரியப் பார்த்துக்கொண்டிருப்பாள், தன் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. இதையெல்லாம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? கம்பெனிக்குள் நுழைந்துவிட்டால் போனை லாக்கரில் வைத்துப் பூட்டியாக வேண்டும், அது கம்பெனி ரூல், சிப் அறைக்குள் போன் கூடாது, அப்புறம் பத்து மணி ஓய்வு வரை வீட்டில் இடி விழுந்தாலும் தெரியாது. இன்னும் எவ்வளவு தூரம்? பெர்த்தாம் இன்னும் வரவில்லை. பஸ்ஸே, மெதுவாகப் போ, அந்த ஒரு குரல் வந்து சேரட்டும். ஐயோ, மெதுவாகவும் போகாதே, நின்று திரும்பு.

கையில் போன் அதிர்ந்தது. வந்துவிட்டது! துர்கா பெயர், குரல் செய்தி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது கஸ்தூரிக்கு, பாவி மகளே, இப்படியா அம்மாவைக் கொல்லுவாய், இன்றைக்கு வந்து கவனித்துக்கொள்கிறேன் உன்னை. போனைக் காதில் ஒட்டிக்கொண்டு அழுத்தினாள். "எந்திரிச்சிட்டேன் ம்மா. தூங்கிட்டேன், அதான் லேட்டு. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ மீட்டிங்குக்குப் போ, சரியா." அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கிறாள். கஸ்தூரி போனை இறக்கினாள், மூச்சை விட்டாள், ஆனால் மூச்சு பாதியில் நின்றது. மறுபடி காதில் வைத்தாள். எந்திரிச்சிட்டேன் ம்மா. அந்த ட்டேன். நாக்கு மேலே போய் ஒட்டவில்லை. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, பல் டாக்டரிடம் மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டு வந்து பேசுகிற மாதிரி. மூன்றாம் தடவை கேட்டாள். மீட்டிங் என்கிற வார்த்தைக்கு முன்னால் ஒரு எச்சில் விழுங்கல், வலியோடு. இது தூங்கி எழுந்த குரல் இல்லை. இது நாக்கைக் கடித்துக்கொண்ட குரல். வந்து போயிருக்கிறது. வந்து, விழுந்து, தனியாகக் கிடந்து, தனியாகவே தெளிந்து, போனைத் தேடி எடுத்து, அம்மாவுக்கு மீட்டிங் இருக்கிறதே என்று, பொய் சொல்லியிருக்கிறது பிள்ளை. நெற்றியில் அடிபட்டிருக்கிறதா, எங்கேயாவது ரத்தமா, தெளிந்து உடனே எழுந்து நடந்தால் மறுபடி விழுமே, அதுதான் இன்னும் ஆபத்து என்றாரே டாக்டர். திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. குரலைக் கண்டுபிடித்துவிடுவாள் அம்மா என்று எடுக்கவில்லை.

யாரைக் கூப்பிடுவது? ஜெயசீலன் ஜோகூரில் இருக்கிறான். பக்கத்து வீடு காலி, வாடகைக்கு விடப்படும் என்று போர்டு தொங்குகிறது. வேன்காரர் வர இன்னும் அரை மணி நேரம். இருக்கிறது ஒரே ஒரு பெயர். கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேல் போய் நின்றது, கோமளா அக்கா மூலை வீடு. எவன் வந்து கட்டுவான். சுண்டலோடு விநியோகம். நீ உட்காரும்மா. விரல் நின்றது, எவ்வளவு நேரம் நின்றதோ, ஒரு நொடியோ ரெண்டு நொடியோ, அந்த நேரத்தை நினைத்துப் பின்னால் பலநாள் அவள் வெட்கப்பட்டாள். அழுத்தினாள்.

"ஹலோ?" கோமளா அக்கா குரல் இல்லை, இளசான குரல். "அம்மா குளிக்கிறாங்க, யாரு?"

யாமினி. பத்து மணிக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகிற யாமினி.

"யாமினி, நான் கஸ்தூரி."

"அக்கா? மீட்டிங் பத்து மணிக்குத்தான்க்கா. ஏன், வர முடியலையா?"

"என் வீட்டுக்கு ஓடும்மா. துர்கா தனியா இருக்கா. அவளுக்கு வலிப்பு வந்திருக்கு."

சொல்லியாயிற்று. இந்த வார்த்தையைச் சொன்னால் பூமி பிளக்கும் என்று நினைத்திருந்தாள், ஒன்றும் பிளக்கவில்லை, பஸ் பாட்டுக்கு ஓடியது. பக்கத்தில் தனம் கண்ணை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"வலிப்பா? எப்பலேருந்து அக்கா இது..."

"அப்புறம் கேளு, இப்ப ஓடு. கிரில் சாவி செருப்பு ராக்குல, அவளோட பழைய பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள்ள இருக்கு. அவ நடக்க வேணாம், உட்கார்ந்திருக்கட்டும். படுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில ஒண்ணும் ஊத்தாதே."

"லைன்லயே இருங்கக்கா."

காதுக்குள் யாமினி ஓடினாள். செருப்புச் சத்தம், ஒரு கேட் மோதுகிற சத்தம், மூன்றாம் வீட்டு நாய் குரைக்கிறது, கஸ்தூரிக்கு அந்த நாயைத் தெரியும், அப்படியானால் பாதித் தூரம். மூச்சிரைப்பு. சாவி இரும்பில் உரசுகிறது, உரசுகிறது, நுழையவில்லை, தலைகீழாகப் போடுகிறாய் பெண்ணே, திருப்பிப் போடு. கிரில் திறந்தது. "துர்கா? துர்கா, யாமினி அக்காம்மா." அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கஸ்தூரி முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள், பிடித்த கை மேல் தனத்தின் கை இருந்தது, எப்போது வந்தது என்று தெரியாது.

"அக்கா, இருக்கா. சமையல்கட்டுத் தரையில சாஞ்சு உட்கார்ந்திருக்கா. வாயில கொஞ்சம் ரத்தம், நாக்கைக் கடிச்சிருக்கா. தலையில அடி ஒண்ணும் தெரியல. பேசறா." போன் கை மாறியது. "ம்மா," என்றது அந்தத் தடித்த நாக்கு, "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரே ம்மா. நீ மீட்டிங் போகணும்னுதான் நான்..." மேலே சொல்ல முடியாமல் அழுதது.

"அழாதடா. அம்மா வரேன்."

எழுந்தாள். "அண்ணே, பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க." குணாளன் அண்ணன் திரும்பிப் பார்த்தார், எழுந்து ரெண்டு சீட்டு தாண்டி வந்தார். "என்னா தங்காச்சி? இன்னும் கொஞ்ச நேரத்துல கம்பெனி வந்திரும், அங்க போய்க் கார்டை அடிச்சிட்டு லீவு சொல்லிட்டுப் போயேன். இப்பவே எறங்கினா ஆப்சென்ட் விழும்லா. அதுவும் உனக்கு இன்னிக்கு மீட்டிங் வேற." நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். கஸ்தூரிக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. "விழட்டும்ண்ணே. என் மகளுக்கு வலிப்பு இருக்கு. காலைல எந்திரிச்சா வரும். இப்ப வந்து கெடந்திருக்கா, வீட்ல தனியா." குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, பன் தின்றுகொண்டிருந்தவன் வாயில் வைத்ததை மெல்லாமல் பார்த்தான். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் குணாளன் அண்ணன். "சொல்லலண்ணே. இப்பச் சொல்றேன்." அவர் டிரைவர் தோளைத் தட்டினார். பெர்த்தாம் பெட்ரோல் கடைக்கு முன்னால் பஸ் ஓரம் கட்டியது. தனம் தானும் இறங்க எழுந்தாள், "நீ போடி, ஒரு ஆப்சென்ட் போதும்," என்று அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கஸ்தூரி இறங்கினாள்.

பஸ் போய்விட்டது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்று போனில் கிராப் டாக்சி கூப்பிட்டாள், கார் வருகிறது என்றது போன். கிழக்கே கொஞ்சமாக வெளுத்திருந்தது. பெட்ரோல் கடைக் கட்டையில் உட்கார்ந்துகொண்டாள். யாமினி மறுபடி கூப்பிட்டாள். பிள்ளையைப் படுக்க வைத்தாயிற்று, கோமளா அக்காவும் வந்துவிட்டார், தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், துர்கா தூங்கப் பார்க்கிறாள். "நீங்க வந்து சேர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்க்கா, பதறாம வாங்க. நான் ஒம்பதரைக்கு, பத்துக்கு ஆபீஸ் போனாப் போதும். எங்களுக்கெல்லாம் அப்படித்தான்." எங்களுக்கெல்லாம் அப்படித்தான். பாவம், அந்தப் பெண் ஆறுதலுக்குச் சொன்னது, அவள் மேல் என்ன குற்றம்? இருந்தாலும் கஸ்தூரி அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரே கம்பெனி, ஒரே வாசல், மாடியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் எழுந்து, பசியாறி, பிள்ளையைக் கொஞ்சிவிட்டு வருகிறார்கள்.

"யாமினி, காரணம் தெளிவா வேணும்னு கேட்டிருந்தியே," என்றாள். "அதை எழுதிக்க. பேரு போட்டே எழுதிக்க."

"எழுதறேன்க்கா. டாக்டர் லெட்டர் மட்டும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். இது வெளிய போகாதுக்கா, அம்மாகிட்டயும் நான் சொல்லி வைக்கிறேன்."

"போகட்டும்மா. எனக்கு நேரம் வேணும்."

"மேனேஜர்கிட்ட நானே பேசறேன். அவர் மேல அனுப்பணும், மேல இருந்து வரணும். அறுபது நாளுக்குள்ள எழுத்துல பதில் குடுத்தே ஆகணும்க்கா, அது சட்டம். தள்ளிப்போட முடியாது." நம்பிக்கையாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கோமளா அக்கா, தூங்குடா கண்ணு, தூங்கு என்று சொல்வது மெலிதாகக் கேட்டது. கிராப் கார் வெளிச்சம் போட்டுக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றது. கஸ்தூரி கதவைத் திறந்து, ஏறாமல் அப்படியே நின்றாள்.

"சரிம்மா. ஆனா அவ நாளைக்கும் ஆறு மணிக்கு எந்திரிப்பாளே," என்றாள்.